அளந்து பார்க்க நேரம் கொடுங்கள்

லீனாக், கோபால்ட் இயந்திரங்களை வைத்து நடத்தும் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும் அறங்காவலர்களுக்கும் டீன்களுக்கும்,

கதிர்வீச்சு இயந்திரங்களின் தரச் சோதனை என்றதும் இது உங்களுக்கு வர வேண்டிய மடல் அல்ல என்று தோன்றலாம். எதைச் சோதிக்க வேண்டும், எந்தக் கருவியால், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதெல்லாம் உங்கள் மருத்துவ இயற்பியலாளருக்குத் தெரியும். அதற்கென்றே படித்துப் பயிற்சி பெற்று வந்தவர் அவர். ஆனால் இயந்திரம் எத்தனை மணிக்கு முதல் நோயாளியை ஏற்க வேண்டும், ஒரு நாளில் எத்தனை பேரை முடிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் கதிரை நிறுத்தச் சொல்ல யாருக்கு உரிமை என்பவற்றை முடிவு செய்வது அவர் அல்ல, நீங்கள். சோதனை செய்யத் தெரிந்தவரிடம் நேரமும் அதிகாரமும் இல்லை. அவற்றை வைத்திருப்பவர்களுக்கோ சோதனை எதற்கென்று யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பிழையின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அறுவை அரங்கில் தவறு நடந்தால் அங்கேயே ரத்தம் வரும். மருந்து மாறினால் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். கதிர்வீச்சில் அப்படி எதுவும் இல்லை. 2 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டரை கிரே போனால், மேசையில் படுத்திருப்பவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கன்சோலில் இருக்கும் டெக்னாலஜிஸ்டுக்கும் தெரியாது. திரையில் எல்லா எண்ணும் சரியாகவே இருக்கும். தோல் எரிச்சல் சில வாரங்களில் வரும், அதுவும் எதிர்பார்த்த பக்கவிளைவு போலவே இருக்கும். குடல், தண்டுவடம், நுரையீரல் கெடுவது மாதங்கள், ஆண்டுகள் கழித்து. கதிர் குறைந்து போனால் இன்னும் மோசம்: புற்றுநோய் திரும்பி வரும், வந்தால் நோயின் மேல்தான் பழி விழும். இங்கிலாந்தின் ஸ்டோக் நகர மருத்துவமனையில் 1982 முதல் 1991 வரை சுமார் ஆயிரம் பேருக்குக் கதிர் அளவு 5 முதல் 30 விழுக்காடு வரை குறைவாகப் போனது. தூரத்துக்கான திருத்தத்தைக் கணினி ஏற்கெனவே செய்திருந்தது. அது தெரியாமல் கையாலும் ஒருமுறை செய்துவந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் எந்த நோயாளியின் உடலும் அதை யாருக்கும் சொல்லவில்லை. புதிய திட்டமிடல் கணினி வந்தபோதுதான் வெளிப்பட்டது.

5 விழுக்காடு என்பது கணக்கில் சிறியதாகப் படலாம். உடலுக்கு அது சிறியது அல்ல. கதிர் அளவு 5 விழுக்காடு மாறினால், கட்டி கட்டுப்படும் வாய்ப்பு 10 முதல் 20 விழுக்காடு வரை மாறலாம் என்றும், நல்ல திசுக்கள் கெடும் வாய்ப்பு அதையும் தாண்டி மாறலாம் என்றும் பாடநூல்கள் சொல்கின்றன. பயனுக்கும் கேட்டுக்கும் நடுவே இவ்வளவு ஒடுங்கிய வழியில் நடக்கும் சிகிச்சை மருத்துவத்தில் அதிகம் இல்லை. இன்னொன்றும் உண்டு. அறுவை மருத்துவரின் கை ஒருநாள் தவறினால் பாதிப்பு ஒருவருக்கு. இயந்திரத்தின் அடிப்படை அளவீடு தவறினால், திருத்தும் நாள்வரை அந்த அறைக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் அதே தவறு அதே அளவில் போய்ச் சேரும்.

இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் 1988இல் நடந்தது இதற்குச் சான்று. கோபால்ட் இயந்திரத்துக்குப் புதிய கதிர்மூலம் வந்தது. அதை அளந்து எண்ணைக் குறித்ததில் நேரக் கணக்கு ஒன்று பிசகியது. அந்த எண்ணை வைத்து 207 பேருக்கு 25 விழுக்காடு கூடுதலாகக் கதிர் போனது. இதைக் கண்டுபிடித்தது அந்த மருத்துவமனையின் தினசரிச் சோதனை அல்ல. தவறான எண்ணோடு ஒப்பிடும் சோதனையால் அதைக் காட்ட முடியாது. வெளியிலிருந்து வேறொரு கருவியோடு வந்து, தேசிய அளவிலான ஒப்பீட்டு ஆய்வுக்காக அளந்தபோதுதான் தெரிந்தது. நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றாக இருப்பது ஒரு சங்கதி. அந்த எண் உண்மையாக இருப்பது வேறு சங்கதி. முதலாவதை உங்கள் பணியாளர்கள் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவதுக்கு இன்னொரு கண் வேண்டும்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 1974 முதல் 1976 வரை நடந்தது உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. கோபால்ட் மாதத்துக்கு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் தேயும். அந்தத் தேய்மானத்தை வரைபடத்தில் தவறாக நீட்டியதால் மூலம் உண்மையில் தேய்ந்ததைவிட வேகமாகத் தேய்வதாகக் கணக்குக் காட்டியது. அதை ஈடுகட்ட ஒவ்வொரு மாதமும் நோயாளியைக் கூடுதல் நேரம் கதிரில் வைத்தார்கள். மிகை அளவு மாதாமாதம் ஏறியது. 426 பேர் பாதிக்கப்பட்டார்கள். அந்த 22 மாதங்களில் ஒருமுறைகூட யாரும் கதிரை நேரடியாக அளந்து பார்க்கவில்லை. ஏன் என்றால், இயற்பியலாளரின் முழுக் கவனமும் மருத்துவமனைக்குப் புதிதாக வந்திருந்த லீனாக்கின் மேல் இருந்தது. பழைய இயந்திரத்தை அளக்க ஆள் ஒதுக்கப்படவில்லை. இதை ஒரு தனிமனிதரின் சோம்பலாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. புதிய இயந்திரம் வாங்குவதற்கு ஒப்புதல் அளித்த கூட்டத்தில், அதைச் சோதிக்கக் கூடுதல் ஆள் வேண்டுமே என்று யாராவது கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அளப்பது என்றால் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கருவி வாங்கும் கோப்பு உங்களிடம்தான் வரும். தண்ணீர்த் தொட்டிக்குள் விரல் நுனி அளவுள்ள ஓர் அயனி அறையை வைத்துக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். அதற்குள் இருப்பது சாதாரணக் காற்று. காற்று சூடானால், அழுத்தம் குறைந்தால், உள்ளே மூலக்கூறுகள் குறையும்; கதிர் அதேதான், கருவி காட்டும் எண் குறையும். ஆகவே அறையின் வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் அங்கேயே அளந்து திருத்த வேண்டும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 10 விழுக்காடு குறைவு. வானிலை அறிக்கையில் வரும் அழுத்தமோ கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்படுவது. நல்ல அழுத்தமானி இல்லாத மருத்துவமனையில் ஒருவர் அந்த எண்ணைப் போட்டுக் கணக்கிட்டால், ஒவ்வொரு நோயாளிக்கும் சுமார் 10 விழுக்காடு மிகையாகப் போகும். கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்தின் உண்மைத்தன்மை, விலையில் அதன் பக்கத்தில்கூட வைக்க முடியாத ஓர் அழுத்தமானியில் தொங்குகிறது. அந்த அழுத்தமானியையும், அயனி அறையை உரிய கால இடைவெளியில் அளவுத்திருத்தத்துக்கு அனுப்பும் செலவையும் “அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்” என்று தள்ளிவைக்காதீர்கள்.

இனி நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். “இப்போது வரும் இயந்திரங்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்கின்றனவே” என்பது முதலில் வரும். சோதித்துக்கொள்கின்றன, உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுயசோதனை, முதல்நாள் ஒரு மனிதர் ஊட்டிய எண்ணோடு ஒப்பிடும் சோதனை. பிரான்ஸில் துலூஸ் நகரில் 2006, 2007ஆம் ஆண்டுகளில் 145 பேருக்கும், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் 2004 முதல் 2009 வரை 76 பேருக்கும் மூளைக்கான நுண்கதிர் சிகிச்சையில் மிகை அளவு போனது. இரண்டு இடத்திலும் இயந்திரம் பழுதாகவில்லை. மில்லிமீட்டர் கணக்கில் குறுகிய கதிர்க்கற்றையை அளக்க, அதற்குப் பொருந்தாத பெரிய அயனி அறையைப் பயன்படுத்தியிருந்தார்கள். தவறான அளவை வாங்கிக்கொண்ட இயந்திரம் அதைத் துல்லியமாக, ஒரு நாளும் பிசகாமல், திரும்பத் திரும்பச் செய்தது.

மென்பொருளின் மேல் முழு நம்பிக்கை வைத்தவர்களுக்குத் தெராக்-25 கதை பழைய கதையாகத் தோன்றலாம். முந்தைய மாதிரிகளில் இருந்த வன்பொருள் தடுப்புகளை எடுத்துவிட்டு, பாதுகாப்பை மென்பொருளிடம் ஒப்படைத்த லீனாக் அது. 1985க்கும் 1987க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு விபத்துகள். டெக்சாஸின் டைலர் நகரில் 1986 மார்ச்சில் ஒரு நோயாளி கதிரடி பட்டார். திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று மட்டும் வந்தது. தயாரிப்பாளரின் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள், பிழையை மறுபடி வரவைக்க முடியவில்லை, மிகை அளவு கொடுக்க இந்த இயந்திரத்தால் முடியாது என்றார்கள். ஏப்ரலில் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. சில நாட்களில் இன்னொருவர் அடிபட்டார். இந்த முறை மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஹேகர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஆபரேட்டரோடு உட்கார்ந்து, அவர் எந்த விசையை எந்த வேகத்தில் தட்டினார் என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். விவரங்களை வேகமாகத் திருத்தினால் பிழை வருகிறது என்று கண்டுபிடித்தார். தயாரித்தவர்களால் காண முடியாததை ஓர் ஊர் மருத்துவமனையின் இயற்பியலாளர் கண்டார் என்றால், அதற்குக் காரணம் உண்டு: இயந்திரம் அவர் கையில் சும்மா கிடந்தது. அதைத் தட்டிப் பார்க்க அவருக்கு நேரம் இருந்தது. “நாற்பது பேர் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள், சீக்கிரம் முடியுங்கள்” என்று யாராவது கதவைத் தட்டியிருந்தால் அது நடந்திருக்குமா?

“பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், கம்பெனி எஞ்சினியர் பார்த்துக்கொள்வார்” என்பது அடுத்தது. எஞ்சினியரின் வேலை இயந்திரத்தை ஓடவைப்பது. ஓடும் இயந்திரம் சரியான அளவைக் கொடுக்கிறதா என்று பார்ப்பது இயற்பியலாளரின் வேலை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் ஸ்பெயினின் சரகோசா விபத்து நடந்தது. 1990 டிசம்பர் தொடக்கத்தில் பல்கலைக்கழக மருத்துவமனையின் லீனாக் பழுதானது. பராமரிப்பாளர் வந்து கதிரை மீட்டுத் தந்தார். இயற்பியல் பிரிவுக்கு யாரும் சொல்லவில்லை. டிசம்பர் 10இல் சிகிச்சை தொடங்கியது. எந்த ஆற்றலைத் தேர்ந்தெடுத்தாலும் ஆற்றலைக் காட்டும் மானியின் முள் 36இலேயே நின்றது. முள்தான் சிக்கிக்கொண்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். முள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: எலக்ட்ரான் கதிர் உண்மையிலேயே 36 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் நோயாளிகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. 20ஆம் தேதி இயற்பியலாளர்கள் அளந்து பார்க்கும்வரை 27 பேருக்கு மிகக் கூடுதலான கதிர் போய்விட்டது. அவர்களில் பலர் அதனாலேயே இறந்தார்கள். பழுது நீக்கிய அன்றே அளந்திருந்தால் 27 பேரில் ஒருவரும் அடிபட்டிருக்க மாட்டார். போலந்தின் பியாவிஸ்டாக்கில் 2001இல் நடந்ததும் இதே வகைதான். மின்தடை வந்தது, மின்சாரம் திரும்பியது, இயந்திரத்தை மறுபடி போட்டார்கள், அளக்காமல் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். மார்பகப் புற்றுநோயாளிகள் ஐந்து பேர் கதிரடி பட்டார்கள். நம் ஊர் மின்தடைகளை எண்ணிப் பாருங்கள்.

“அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதே” என்று நீங்கள் சொல்லலாம். உரிமம் இல்லாமல் இந்த நாட்டில் கதிரை ஓட்ட முடியாது. இயற்பியலாளரும் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரும் இல்லாமல் உரிமம் கிடைக்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உரிமக் கோப்பில் இருக்கும் காகிதம், அது எழுதப்பட்ட நாளின் நிலையைச் சொல்கிறது. இன்று காலை ஏழு மணி நிலையை அது எப்படிச் சொல்லும்? கடைத் தராசுக்கும் முத்திரை உண்டு, முத்திரைக்குப் பிறகும் படிக்கல் தேயும். மேலும் 2004ஆம் ஆண்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளை எடுத்துப் படித்தால், பொறுப்பு பாதுகாப்பு அலுவலரோடு முடிவதில்லை என்பது தெரியும். உரிமதாரருக்கும் பணியமர்த்துபவருக்கும் தனித்தனிக் கடமைகள் அங்கே இருக்கின்றன. அந்தச் சொற்கள் குறிப்பது உங்களைத்தான்.

இன்னொரு கண் வேண்டும் என்று மேலே சொன்னேன். அதற்கான வழியும் திறந்தே இருக்கிறது. சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் அஞ்சல்வழி ஆய்வு நடத்துகின்றன. ஒரு சின்னக் குப்பியைத் தபாலில் அனுப்புவார்கள். உங்கள் இயந்திரத்தில் 2 கிரே கொடுத்துத் திருப்பி அனுப்பினால், உண்மையில் எவ்வளவு போனது என்று சொல்வார்கள். இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இத்தகைய ஆய்வை நடத்துகிறது. உலக ஆய்வின் தொடக்க ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதி முடிவுகளே 5 விழுக்காட்டு எல்லைக்குள் இருந்தன. இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல். இந்த முன்னேற்றம் புதிய இயந்திரங்களால் மட்டும் வந்ததல்ல. வெளியிலிருந்து ஒருவர் அளப்பார் என்ற நிலையும், பிசகு தெரிந்ததும் போய்த் திருத்திய ஒழுங்கும் சேர்ந்து கொண்டுவந்தது.

உங்கள் மறுப்புகளில் கனமானது இனிமேல்தான். “நோயாளிகள் காத்திருக்கிறார்கள். காப்பீட்டுத் திட்டத்தில் வருபவர்கள், தினமும் வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருபவர்கள். சோதனைக்கு மெஷினை நிறுத்தினால் அவர்களுக்குச் சிகிச்சை தள்ளிப்போகும்.” இதைத் தட்டிக்கழிக்க முடியாது. கருப்பைவாய்ப் புற்றுநோயிலும் தலை, கழுத்துப் புற்றுநோயிலும் சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டால் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு விழுக்காடு குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் வார்டுகளில் அதிகம் இருப்பவர்கள் இந்த இரண்டு வகையினர்தாம். கரண்ட் வைக்க (கதிர் சிகிச்சைக்கு) வந்து வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத் தாமதமும் ஒரு கேடுதான். ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். காலைச் சோதனைக்கு ஆவது அரைமணி நேரத்துக்குள். மாதச் சோதனை சில மணி நேரம். அதைச் சனிக்கிழமை மாலையிலோ ஞாயிறிலோ வைக்கலாம், வருகிறவருக்கு ஈட்டு விடுப்போ கூடுதல் ஊதியமோ கொடுக்க மனம் இருந்தால். ஆண்டுச் சோதனைக்கு ஓரிரு நாள், முன்கூட்டியே நாள்குறித்து நோயாளிகளின் அட்டவணையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். திட்டமிட்டு நிறுத்தினால் யாருடைய சிகிச்சைக் காலமும் நீளத் தேவையில்லை. நீட்டுவது, சொல்லாமல் கொள்ளாமல் இயந்திரம் படுத்துக்கொள்ளும் அந்த மூன்று நான்கு நாட்கள். படிப்படியாக நகரும் அளவுகளை மாதாமாதம் பார்த்துவருபவர்தான் அதை முன்கூட்டிச் சொல்ல முடியும்.

சோதனை வேண்டும் என்று வாதிடும் என் தரப்புக்கு எதிராகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சோதனைகள் எல்லாம் ஒரே மதிப்புடையவை அல்ல. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் நாள், மாதம், ஆண்டு வாரியாக நீண்ட பட்டியல்கள் உள்ளன. அதே சங்கம் 2016இல், பட்டியலை அப்படியே ஓட்டுவதைவிட எந்தத் தவறு எங்கே நோயாளியைப் பாதிக்கும் என்று ஆராய்ந்து நேரத்தைச் செலவிடுங்கள் என்றது. பல விபத்துகளின் வேர் இயந்திரத்தில் இல்லை, வேலைமுறையில் இருக்கிறது என்பதும் உண்மை. ஆகவே ஏட்டில் கட்டங்களை நிரப்புவதை நான் கேட்கவில்லை. கேள்வி கேட்காத நிர்வாகமும் நேரம் இல்லாத இயற்பியலாளரும் சேர்ந்தால் கட்டங்கள் எப்படியும் நிரம்பிவிடும். போன மாத எண்ணைப் பார்த்து இந்த மாத எண்ணை எழுதுவதற்கு அதிக நேரம் ஆகாது. எல்லாமே எப்போதும் சரியாக இருக்கும் பதிவேடு உங்களுக்கு நிம்மதி தரக் கூடாது. உண்மையாக அளந்தவரின் ஏட்டில் எண்கள் சற்று ஏறும், சற்று இறங்கும், எப்போதாவது எல்லையைத் தாண்டும், அன்றைக்கு என்ன செய்தார்கள் என்றும் பக்கத்தில் எழுதியிருக்கும். எல்லை தாண்டியதைச் சொன்னவரைக் கூப்பிட்டு ஏன் மெஷின் நின்றது என்று விசாரித்தால், அடுத்த முறை அவர் சொல்லமாட்டார்.

எனவே உங்களிடம் கேட்பது இது. இயந்திரத்தின் அன்றாட அட்டவணையில் தரச் சோதனைக்கான நேரத்தை நோயாளியின் பெயரைப் போடுவதுபோலவே போடுங்கள், வேறு யாரும் அதை எடுத்துக்கொள்ள முடியாதபடி. சந்தேகம் வந்தால் கதிரை நிறுத்தும் அதிகாரம் மருத்துவ இயற்பியலாளருக்கு உண்டு என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இரவு எட்டு மணியானாலும், துறைத்தலைவர் விடுப்பில் இருந்தாலும் அது செல்லுபடியாகட்டும். பழுது நீக்கிய பிறகும், மின்தடையால் இயந்திரம் நின்றுபோன பிறகும், இயற்பியலாளர் அளந்து கையெழுத்திடாமல் ஒரு நோயாளியும் மேசையில் ஏறக் கூடாது. பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே இந்த வரியைச் சேருங்கள், எஞ்சினியரின் பணி அறிக்கை அந்தக் கையெழுத்து இல்லாமல் முடிவடையாது என்று. புதிய இயந்திரத்தையோ புதிய வகைச் சிகிச்சையையோ தொடங்கும் முன் இன்னொரு மருத்துவமனையின் இயற்பியலாளர் தம் சொந்தக் கருவியோடு வந்து ஒருமுறை அளக்கட்டும். பக்கத்து ஊர் மருத்துவமனையோடு இதற்கு ஒரு பரிமாற்ற ஏற்பாடு செய்துகொண்டால் வண்டிச் செலவைத் தவிர வேறு செலவில்லை. போட்டி மருத்துவமனை என்று தயங்குவீர்களானால், அவர்களுக்கும் இதே தேவை இருக்கிறது. அடுத்த லீனாக்குக்குக் கோப்பு நகரும்போது, அதே கோப்பில் அயனி அறைக்கும் அழுத்தமானிக்கும் கூடுதல் இயற்பியலாளர் பணியிடத்துக்கும் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

இவற்றில் ஒன்றைக்கூட நாளையே செய்ய முடியவில்லை என்றால், இந்த மாத நிர்வாகக் கூட்டத்துக்கு உங்கள் இயற்பியலாளரை அழையுங்கள். கடைசி அஞ்சல்வழி ஆய்வின் முடிவு என்ன, அது எந்த ஆண்டில் வந்தது, சென்ற ஓராண்டில் நேரம் கிடைக்காததால் விட்டுப்போன சோதனைகள் எவை என்று கேளுங்கள். அவர் தயங்கினால் அறைக்கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கதிர்வீச்சு சிகிச்சையின் பாதுகாப்பில் அக்கறையுள்ள ஒருவர்